டெபியனில் கடவுச்சொல் சரி, டெஸ்க்டாப் மட்டும் திறக்கவில்லை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், லைட்டிஎம் லாகின் திரை. ஒரே ஒரு கணக்கு மட்டும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கடவுச்சொல் கொடுத்ததும் திரை ஒரு நொடி கறுத்து, திரும்பவும் லாகின் திரைக்கே வந்துவிடுகிறது. தவறான கடவுச்சொல் என்றும் சொல்வதில்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்தால் அதே கணக்கு ஒழுங்காகத் திறக்கிறது. புதிதாக உருவாக்கிய பயனருக்கு டெஸ்க்டாப்பும் வருகிறது. ஆகவே கிராபிக்ஸ் டிரைவர் காரணமாக இருக்காது, பழைய கணக்கின் ஹோம் கோப்புறைக்குள்தான் ஏதோ இருக்கிறது. வட்டில் இடம் நிறைய உண்டு. எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு (திரையைப் பயன்படுத்தும் அனுமதியை வைத்திருப்பது) ரூட், அதாவது நிர்வாகி, பெயருக்கு மாறினால் இப்படி ஆகும் என்பார்கள். அது பயனர் பெயரிலேயே இருக்கிறது. நீக்கியும் பார்த்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பின் மேல், அதாவது டெஸ்க்டாப் செஷன் தொடங்கும்போது படிக்கப்படும் கட்டளைக் கோப்பின் மேல். அதில் தமிழ்த் தட்டச்சுக்காக யாரோ சேர்த்த ஐபஸ் (தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள்) வரி, 'எக்ஸெக்' என்று தொடங்குகிறது. அந்தக் கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் இடத்தில் புதிய நிரலை வைத்துவிடும். அதனால்தான் செஷன் பாதியில் முடிந்துபோகிறதா? அந்த வரியை எடுத்துவிட்டு, ஐஎம்-கான்ஃபிக் என்ற உள்ளீட்டு முறை அமைப்புக் கருவி வழியாக ஐபஸை அமைத்தால் போதுமா? பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.