டி.ஆர். ராஜகுமாரி: அழகைத் தாண்டி என்ன?

கேள்வி (கும்பகோணம்): வணக்கம். தஞ்சாவூரில் பிறந்த டி.ஆர். ராஜகுமாரியைத் தமிழ்த் திரையின் முதல் கனவுக்கன்னி என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அழகைத் தவிர அவருடைய திரைவாழ்வில் குறிப்பிடத்தக்கவை எவை?

பதில் (திருவையாறு): ஐயா, 1941-இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'கச்ச தேவயானி' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், தியாகராஜ பாகவதரை மயக்கும் ரம்பாவாக வந்து, கண்ணைச் சுழற்றி அவர் காற்றில் பறக்கவிட்ட முத்தத்தை இன்று பார்த்தாலும் துணிச்சலாகவே தோன்றுகிறது. சொந்தக் குரலில் பாடியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது, சங்கீதக் குடும்பமல்லவா!

பதில் (மன்னார்குடி): என் கணிப்பில் 1948-இல் வந்த 'சந்திரலேகா'தான் உச்சம். பெருமுரசுகளின் மேல் அவர் ஆடி முடித்ததும், உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் முரசைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுவதைக் கண் கொட்டாமல் பார்க்கலாம்.

பதில் (நாகப்பட்டினம்): தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அவர்கள் எடுத்ததுதான். சென்னை பாண்டி பஜாரில் அவர் பெயரிலேயே சொந்தத் திரையரங்கும் இருந்தது.