பாலைப்பழத்தில் வைன் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாங்குளத்துக்காரர்:

எங்கள் காட்டு மரமான பாலையின் பழம் தனியே நல்ல வைன் தராது என்று சொன்னால் வன்னியில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சில வருடங்களாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பழத்தின் இனிப்பில் குறை இல்லை. புளிப்புத்தான் பேருக்கும் இல்லை. ஈஸ்ட் சீனியைத் தின்று முடித்த பிறகு போத்தலில் என்ன இருக்கும்? இனிப்புப் போய்விடும், புளிப்பு முதலிலேயே இல்லை. சப்பென்று, வெறி மட்டும் உள்ள ஒரு தண்ணீர்தான் மிஞ்சும். முந்திரிகைப் பழத்தில், அதாவது திராட்சையில், புளிப்பும் துவர்ப்பும் கூடவே இருப்பதால் அதற்கு ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. பாலைக்கு நாங்கள்தான் துணை தேடிக் கொடுக்க வேண்டும்.

நான் போடும் அளவு இது. பழம் இரண்டு கிலோ, கொதித்தாறிய தண்ணீர் நான்கு லீற்றர், சீனி முக்கால் கிலோ, நல்ல சாறுள்ள தேசிக்காய் ஐந்தாறு, கடும் சாயமாக ஊற்றிய தேயிலைத் தண்ணீர் ஒரு கோப்பை, பாணுக்குப் போடும் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. தேயிலை துவர்ப்புக்கு. வாசத்துக்கு ஒரு துண்டு கறுவா போடலாம். கராம்பு போட்டால் பல் வைத்தியரின் அறை மணம் வரும், எனக்குப் பிடிக்காது.

பழத்தின் பால்பிசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறித்த கையோடு பிசைந்தால் கை, வாளி, துணி எல்லாம் பிசின்தான். பழத்தை ஓர் இரவு பாயில் பரவி விடுங்கள், ஓரளவு குறையும். கைக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டு பிசையுங்கள். கொட்டை உடையக் கூடாது, உடைந்தால் கசக்கும். முதல் நான்கைந்து நாள் வாளியில், மேலே துணி கட்டி, காலையும் மாலையும் துழாவி விட வேண்டும். பிறகு வடித்து, வாய் ஒடுங்கிய கானில் ஊற்றி, மூடியில் துளை போட்டுச் சேலைன் குழாய் ஒன்றைச் செருகுவேன். குழாயின் மறு நுனி தண்ணீர்ப் போத்தலுக்குள். உள்ளிருந்து காற்று குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பழ ஈயும் வராது. அந்த ஈ ஒன்று விழுந்தாலும் வினாகிரிக்கு வழி திறந்ததாகத்தான் அர்த்தம்.

சரி, உங்கள் பக்கத்தில் என்ன பழம், என்ன அனுபவம்?

நெடுங்கேணிப் பக்கம்:

நீங்கள் வாளியிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். பழம் எப்படி வாளிக்கு வந்தது என்பதல்லவா பெரிய கதை.

பாலை பழுக்கும் காலத்தில் காட்டில் கரடிக்கும் அதுதான் சாப்பாடு. கரடி மரத்தில் ஏறும், கொப்பை உலுப்பும், கீழே கொட்டியதையும் விடாது. பட்டையில் புதிய நகக்கீறல் தெரிந்தாலோ, பாதையில் பாலை விதை நிறைந்த எச்சம் கிடந்தாலோ அந்த மரம் அன்றைக்கு எங்களுக்கு இல்லை. போன ஆனியில் நானும் மச்சானும் விடிந்தும் விடியாததுமாகப் போனோம். மரத்தடியில் சாக்கை விரிக்கும்போது மேலே கொப்பு முறிகிற சத்தம். குரங்கு என்று மச்சான் சொன்னான். குரங்கு அப்படிப் பெருமூச்சு விடாது. அடுத்த நிமிடம் பட்டையைப் பிறாண்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. நாங்கள் சாக்கை விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்னே நடந்து, வண்டில் பாதைக்கு வந்த பிறகுதான் ஓடினோம். அது எங்களைத் துரத்தவில்லை, சாக்கில் இருந்ததைத் தின்றுகொண்டு நின்றது.

கரடி அடித்தால் முகத்தில்தான் அடிக்கும். எங்கள் ஊரில் ஒரு கண் இழந்தவர் இருக்கிறார். எனவே வெயில் ஏறிய பிறகு போங்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள், சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் அது பயந்து பாயும்.

இன்னொன்று. சிலர் ஏற மனமில்லாமல் கொப்போடு வெட்டி விழுத்துகிறார்கள். வனவளத் திணைக்களத்தின் காட்டில் அது குற்றம் என்பது ஒரு பக்கம். பாலை ஆறுதலாக வளரும் மரம், வெட்டிய கொப்பில் எங்கள் பிள்ளைகள் பழம் பார்க்க மாட்டார்கள். வைன் குடிக்கிற ஆசைக்கு மரத்தைக் கொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கிளிநொச்சி:

கரடிக் கதை கேட்டு மகள் நித்திரை கொள்ளவில்லை, நன்றி.

நான் சொல்ல வந்தது வெக்கையைப் பற்றி. இணையத்தில் வரும் வைன் குறிப்பெல்லாம் குளிர் நாட்டுக்காரர் எழுதியது. இருபது, இருபத்திரண்டு பாகை என்று போடுவார்கள். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே பகலில் முப்பத்தைந்துக்கு மேலே போகும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிபிடித்ததுபோல் வேலை செய்து நாலு நாளில் முடித்துவிடும், ஆனால் நாக்கைச் சுடுகிற ஒரு காரம் வந்துவிடும். நாற்பதை நெருங்கினால் ஈஸ்ட் சோர்ந்து பாதியில் நின்றும் போகலாம். பலர் "வைன் பொங்கவில்லை" என்று இன்னும் ஈஸ்ட் கொட்டுவது இதனால்தான்.

நான் செய்வது: கானை ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் விட்டு நிறுத்தி, ஈரச் சாக்கைச் சுற்றி, சாக்கின் நுனியைத் தண்ணீருக்குள் விடுவேன். தண்ணீர் ஏறி ஏறி ஆவியாகும், கான் குளிர்ந்தபடி இருக்கும். மண் பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே. இடம் சிமெந்துத் தரை, வடக்குச் சுவரோரம். பொங்கல் இரண்டு கிழமைக்கு இழுபடும், மணமும் தங்கும்.

முழங்காவில்:

எங்களுக்குக் காடு ஏறத் தேவையில்லை, மரமுந்திரிகை (கஜு) இருக்கிறது. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிடுவார்கள். ஒரு சீசனில் வேலியோரமெல்லாம் அழுகி நாறும். கோவாவில் இதே பழத்தின் சாற்றைப் புளிக்கவைத்து வடித்துத்தான் பெனி என்ற சாராயம் எடுக்கிறார்கள். நான் வடிப்பதில்லை, புளிக்கவைப்பதோடு நிறுத்திக்கொள்வேன். பழம் தொண்டையைக் காறும், அதனால் சாற்றில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் கலந்து ஓர் இரவு வைத்தால் காறல் அடியில் படியும், மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கலாம். பறித்த அன்றே பிழிய வேண்டும், மறுநாளுக்குத் தாங்காது. நல்ல வைன் என்று சொல்ல மாட்டேன். எறிவதைவிட நல்லது.

பளை:

எங்கள் வீட்டில் ஈஸ்ட் வாங்குவதில்லை. அப்ப மாவுக்குக் கள் விடுகிறோம்தானே, அதே கள்ளில் அரைக் கோப்பை, விடிய இறக்கியது, முட்டிக்குச் சுண்ணாம்பு பூசாதது. தை தொடங்கி ஆடி வரை பனங்கள் கிடைக்கும், பாலையும் அதற்குள் வந்துவிடும். இரண்டு மணித்தியாலத்தில் நுரை தள்ளும். ஒரு குறை உண்டு. கள்ளில் ஈஸ்ட் மட்டும் இல்லை, புளிக்கவைக்கும் பக்டீரியாக்களும் இருக்கின்றன. அதனால் வைனில் ஒரு கள் மணம் நிற்கும். அப்புவுக்கு அதுதான் பிடிக்கும், மற்றவர்களுக்குப் பிடிக்காது.

புதிதாகப் பழம் பொறுக்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை யுத்தம் முடிந்து எத்தனையோ வருடமாக நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றால் அதற்கு அப்பால் எவ்வளவு நல்ல நாவற்பழம் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் மாடு போகும் பாதையை விட்டு விலகாதீர்கள். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று ஊரில் மாடு மேய்ப்பவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

மடுவுக்குக் கிட்ட:

எங்கள் வீட்டில் வைன் என்றால் நத்தார் வைன். ஆடி 2ஆம் திகதி மடுத் திருவிழாவுக்கு வருகிற சனம் ரோட்டோரத்தில் பாலைப்பழம் வாங்கிக்கொண்டு போகும் நாட்களில் அம்மம்மா போட்டு வைப்பா. மார்கழி வரை அது இருண்ட அறையில் இருக்கும், யாரும் தொடக் கூடாது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சீனி கண்ணிலேயே படாது, கிடைத்தாலும் வாங்க ஏலாது. அப்போது அம்மம்மா பாலைப்பழத்தை அவித்துப் பிழிந்து, பாணியாகக் காய்ச்சி, அந்தப் பாணியோடு பனங்கட்டியும் கரைத்துத்தான் வைன் போட்டவ. ஈஸ்டும் இல்லை. கழுவாத பழம் ஒரு பிடி போடுவா. தோலில் இருக்கிற ஈஸ்டே போதும் என்று அவவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நிறம் கறுப்பு, பனங்கட்டியின் கருகல் ருசி, கிட்டத்தட்ட மருந்துதான். 2002இல் ஏ9 பாதை திறந்து சீனி தாராளமாக வந்த பிறகு அவவே வெள்ளைச் சீனிக்கு மாறிவிட்டா. எனக்கு அந்தக் கறுப்பு வைன்தான் வேண்டும் என்று கேட்டபோது, "அது இல்லாத காலத்துக்குப் போட்டது, ஏன் பிள்ளை இப்ப" என்றா. இப்போது நான் பனங்கட்டியில்தான் போடுகிறேன். சீனிக்குப் பதில் அதே நிறை எடுத்தால் வெறி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

போத்தலை இறுக்கி அடைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குமிழி நின்று இரண்டு கிழமையாவது போகாமல் கண்ணாடிப் போத்தலில் அடைக்காதீர்கள். சீனி மிச்சம் இருந்தால் உள்ளே காற்று சேர்ந்து வெடிக்கும். மாமி வீட்டு அலுமாரியில் நள்ளிரவில் ஒன்று வெடித்து, அடுத்த நிமிடம் வீடே பதுங்குகுழி தேடியது. யுத்தம் முடிந்து அப்போது அதிக நாளாகவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம், மாமா மட்டும் சிரிக்கவில்லை.

வவுனியா:

விருந்தைக் குழப்புவதாக நினைக்காதீர்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது அதன்படி குற்றம். வடிப்பது இன்னும் பெரிய விஷயம். கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒருவர் வடிப்பதில்லை என்று எழுதியது நல்லது, ஏனென்றால் பழத்தில் உண்டாகும் சிறிதளவு மெதனோல் வைனில் கலந்து கிடக்கும், வடிக்கும்போதுதான் செறிந்து ஆபத்தாகிறது.

நான் இதனால்தான் பாலைப்பாணியோடு நின்றுவிட்டேன். பழத்தை அவித்து, பிழிந்து, மெல்லிய நெருப்பில் தேன் பதம் வரும்வரை காய்ச்சினால் போதும். தயிரோடு சாப்பிட்டுப் பாருங்கள். கித்துள் பாணி வாங்குவதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்.

மாங்குளத்துக்காரர்:

வவுனியா அண்ணை சொன்னதை எல்லோரும் கவனியுங்கள், விற்கிற எண்ணம் இருப்பவர்கள் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

தனிச் செய்தியில் மூன்று பேர் விளாம்பழத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன். பாலைக்கு நான் கண்ட நல்ல துணை அதுதான், தேசிக்காயைவிட. மணமும் புளிப்பும் ஒன்றாக வரும். இரண்டும் ஒரே காலத்தில் பழுக்காததால், பாலையைப் பாணியாக்கி வைத்துக்கொண்டு விளா விழும்போது சேர்க்கிறேன். ஐந்து லீற்றருக்கு நல்ல பழம் நான்கு போதும். மரத்திலிருந்து தானாக விழுந்ததாக இருக்க வேண்டும், உடைத்தால் உள்ளே கபில நிறமாகக் குழைந்து மணக்க வேண்டும். வெளிறிய சதை என்றால் வைத்திருங்கள், பழுக்கட்டும்.

கவனிக்க வேண்டியது, விளாவை அவிக்கக் கூடாது. அதில் பெக்டின் என்ற, கூழாக இறுக்கும் பொருள் அதிகம், அதனால்தான் அதில் ஜாம் அவ்வளவு இலகுவாக இறுகுகிறது. சூடாக்கினால் பெக்டின் முழுவதும் தண்ணீருக்குள் இறங்கி, வைன் மாதக்கணக்கில் தெளியாமல் கஞ்சியாக நிற்கும். சதையைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, துணியில் பிழியாமல் தானாக வடியவிட்டு அந்தச் சாற்றைச் சேர்த்தால் இரண்டு மாதத்தில் தெளிந்துவிடும். மண்டியைக் கலக்காமல் குழாயால் உறிஞ்சி மாற்ற வேண்டும், ஒரு தரம் அல்ல, இரண்டு தரமாவது. நிறம் கடும் தேநீர் மாதிரி வரும். ருசி, ஆறு மாதத்துக்கு முன் கேட்காதீர்கள்.

நெடுங்கேணிப் பக்கம்:

நாவலையும் மறக்க வேண்டாம். நிறத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, துவர்ப்பும் உண்டு, தேயிலை தேவைப்படாது. கரடியோடு பங்கு போடவும் வேண்டியதில்லை, எங்கள் வளவுக்குள்ளேயே நிற்கிறது.

எனக்கு ஒரு கேள்வி. வீரைப்பழத்தில் யாராவது போட்டுப் பார்த்தீர்களா? காட்டோரமெல்லாம் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கிறது, சதை கொஞ்சம்தான், கொட்டை பெரிது. அரை லீற்றர் சாற்றுக்கு எத்தனை கிலோ பொறுக்க வேண்டி வரும் என்று நினைத்தாலே மச்சான் வர மாட்டேன் என்கிறான்.