எல்லையோரத் தோப்புகளுக்குப் பார்சல் சேர்ப்பதும் திரும்பி வரும் சரக்கும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சித்தூர்த் தாலுகா வியாபாரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே சொட்டுநீர்ப் பாசன உதிரிகள், பி.வி.சி. இணைப்புகள், மருந்து தெளிப்பான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நேரில் வருவோரைத் தவிர, வாட்ஸ்அப் வழியாகவும் ஓர் இணையச் சந்தைத் தளத்தின் வழியாகவும் ஆர்டர்கள் வருகின்றன. வாங்குவோரில் ஒரு சாரார் எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள். மற்றொரு சாரார் எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரத்தினர். இரு பக்கமும் பேசுவது தமிழ், வளர்ப்பது தென்னை. அப்படியிருந்தும் இவர்களுக்குப் பார்சல் சேர்ப்பதில் இரண்டு விதமான தொல்லைகள் இருக்கின்றன.

கோபாலபுரம் வழியாக வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் பொள்ளாச்சிக்கு நான் அனுப்பும் பெட்டி, முதலில் பாலக்காட்டு ஹப்புக்கும் (சரக்கைப் பிரித்து அனுப்பும் மையம்), அங்கிருந்து வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்கும், அதன் பிறகே பொள்ளாச்சிக் கிளைக்கும் போகிறது. உள்ளூர்த் தோப்புகளுக்கோ, தூரம் குறைவு என்றாலும், "வாடிக்கையாளர் இல்லை" என்ற குறிப்புடன் பெட்டி கிளையிலேயே கிடந்து, கடைசியில் எனக்கே திரும்பி வருகிறது. அந்த விவசாயியை அழைத்துக் கேட்டால், அன்று முழுவதும் தோப்பில்தான் இருந்ததாகச் சொல்கிறார்.

இத்துடன், அளவு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் சரக்கும் சேர்ந்துகொள்கிறது. போக வர இரு வழிக் கட்டணமும் என் தலையில் விழுகிறது. ஐம்பது ரூபாய் இணைப்பு ஒன்றைத் திருப்பிக் கொண்டுவர அதன் விலையைக் காட்டிலும் அதிகமாகச் செலவாகிறது. சொந்தமாக ஒரு சரக்கு வண்டி போட்டுவிடலாமா அல்லது கூரியரையே வேறு விதமாகப் பயன்படுத்த வழி இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பொள்ளாச்சி கூரியர்க் கிளைக்காரர்

வணக்கம் ஐயா. பல ஆண்டுகளாகக் கிளை நடத்துபவன் என்பதால், உள்ளே நடப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

பெட்டி சுற்றிக்கொண்டு போவதை உங்களாலோ என்னாலோ மாற்ற முடியாது. கூரியர் நிறுவனங்கள் சரக்கைப் பிரிப்பது பின்கோடை வைத்துத்தான். 678 என்று தொடங்கினால் பாலக்காட்டுப் பை, 642 என்று தொடங்கினால் கோயம்புத்தூர் வழியே வரும் பொள்ளாச்சிப் பை. இடையில் குறுக்கு வழி இருப்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. தெரிந்தாலும், நாளுக்கு நாலைந்து பெட்டிக்காக அந்த வழியில் தனி வண்டி விட மாட்டார்கள்.

"வாடிக்கையாளர் இல்லை" என்ற குறிப்பு வேறு விஷயம். எங்கள் தொழிலில் டெலிவரி ஊழியருக்குப் பெரும்பாலும் பெட்டிக் கணக்கில்தான் கூலி. ஊருக்குள் ஒரே தெருவில் பத்துப் பெட்டி கொடுத்து முடிக்கும் நேரத்தில், மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே போய் ஒரு பெட்டி கொடுத்தால் அவருக்குப் பெட்ரோல் காசும் மிஞ்சாது. மாலையில் பை காலியாக வேண்டும் என்ற நெருக்கடியில், தொலைவில் இருக்கும் பெட்டிக்குக் கையில் உள்ள காரணங்களில் எளிதான ஒன்றைப் பதிந்துவிடுகிறார். அது தவறுதான். ஆனால் ஊழியரைத் திட்டித் தீர்வதில்லை, ஏனென்றால் அவருக்குப் பதிலாக வருபவருக்கும் இதே கூலி, இதே பாதை. பெரும்பாலான நிறுவனங்களில் மூன்று முறை வரை முயன்றுவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். முதல் முயற்சியிலேயே சேர்வது எப்படி என்பதை, பெட்டி உங்கள் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு முதலில் முகவரியைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயரும் தபால் நிலையத்தின் பெயரும் எழுதினால் முகவரி முடிந்தது. எங்கள் பக்கத்தில் கதவு எண்ணும் தெருவும் எழுதுவார்கள். இணையத்தளத்தின் படிவமோ கதவு எண்ணைக் கேட்கிறது. தோப்பு வீட்டுக்காரர் அந்த இடத்தில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வைக்கிறார். ஆகவே ஆர்டர் வந்த அன்றே தொலைபேசியில் அழைத்து, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி என்று ஓர் அடையாளத்தையும், வாட்ஸ்அப்பில் இருப்பிடக் குறியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. கதவு எண்ணே இல்லாத தோப்புகளுக்குப் பொருத்தமான ஏற்பாடு என்றாலும், எங்கள் ஊழியர்கள் இன்னும் இருப்பிடக் குறியைத் திறந்துதான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆகவே குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

பணம் இரண்டாவது விஷயம். பொருள் கைக்கு வந்த பின் பணம் என்ற ஆர்டர்களில்தான் வாங்க மறுப்பவர்கள் அதிகம். இது புதிய நோய் அல்ல. வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கட்டிப் பொருளை வாங்கும் முறையில், புத்தகம் வரவழைத்துவிட்டு, தபால்காரர் வரும் நாளில் கையில் காசில்லாமல் திருப்பி அனுப்பியவர்களை எங்கள் அப்பா காலத்திலேயே பார்த்திருக்கிறோம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் விவசாயி தயங்குவார் என்பது உண்மை. போக்குவரத்துச் செலவை மட்டும் யு.பி.ஐ.யில் முன்பணமாக வாங்கிப் பாருங்கள். அதைக் கட்டியவர் பெட்டியை மறுப்பது அரிது.

கிணத்துக்கடவு மோட்டார் உதிரிக்காரர்

மேலே கூரியர் ஐயா சொன்னது பெட்டி சேராமல் திரும்புவதைப் பற்றியது. சேர்ந்த பிறகு திரும்புவதைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் எங்கே ஓட்டை என்று தெரியாது, தனித்தனியாக எழுதுங்கள்.

உங்கள் சரக்கில் திரும்புதலுக்குப் பெருங்காரணம் அளவுக் குழப்பமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். நம் விவசாயி "ரெண்டு இஞ்ச்" என்பார். பி.வி.சி. பைப்பில் அது 63 மில்லிமீட்டர் வெளிவிட்டம். பழைய இரும்புப் பைப்பில் அதே இரண்டு இஞ்சுக்கு வெளிவிட்டம் சுமார் 60 மில்லிமீட்டர். இரண்டரை இஞ்ச் என்றால் 75, மூன்று இஞ்ச் என்றால் 90. சொட்டுநீர்க் குழாயிலும் 12, 16, 20 என்று மூன்று அளவுகள் புழங்க, "சின்ன ட்யூப்" என்று மட்டும் ஆர்டர் வருகிறது. தளத்தில் மில்லிமீட்டரை மட்டும் போட்டால் அவருக்குப் புரியாது. இஞ்சை மட்டும் போட்டால் தவறான பொருள் போகும். இரண்டையும் போடுங்கள். எந்தப் பைப்புக்கு என்று படத்துடன் காட்டுங்கள். பழைய இணைப்பையோ பைப்பின் மீது அச்சிட்ட எழுத்தையோ புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பின்பே பெட்டி கட்டுங்கள். எங்கள் கடையில் திரும்புதல் கண்கூடாகக் குறைந்தது இந்த ஒரு பழக்கத்தால்தான். வண்டி, மென்பொருள் என்று செலவழித்தது எதுவும் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

விலை குறைந்த உதிரியைத் திருப்பி வாங்கவே வேண்டாம். கட்டணம் பொருளின் விலையைத் தாண்டினால், சரியான அளவை அனுப்பிவிட்டு, தவறானதை அவரே வைத்துக்கொள்ளட்டும், அடுத்த முறை கடைக்கு வரும்போது கொடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். தெளிப்பான் போன்ற பெரிய பொருளில்தான் கவனம் வேண்டும். கூரியரில் எடையைப் பரிமாணத்தை வைத்தும் கணக்கிடுவார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5,000ஆல் வகுப்பார்கள். 50க்கு 40க்கு 25 அளவுள்ள பெட்டி, உள்ளே ஆறு கிலோவே இருந்தாலும், பத்துக் கிலோவாகக் கணக்காகும். திரும்பும்போதும் அதே கணக்குத்தான். தயாரிப்பாளர் தரும் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டியில் போட்டு அனுப்பும் பழக்கம் இருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள்.

திரும்பி வந்த பெட்டியை அன்றைக்கே திறந்து பாருங்கள். மூலையில் அடுக்கி வைத்தால் ரப்பர் வாஷர் இறுகும், மின்கலம் இறங்கும். புதிதாக விற்கக்கூடியது பழைய சரக்காகிவிடும். மருந்து ஊற்றிப் பயன்படுத்திய தெளிப்பானைக் கழுவிப் புதிது என்று விற்பது ஆபத்தான வேலை. சிலர் செய்கிறார்கள், செய்யக் கூடாது.

பாலக்காடு கணக்காளர்

வரிப் பக்கத்தில் சுருக்கமாகச் சில விஷயங்கள். பொள்ளாச்சிக்கு அனுப்புவது, தூரம் எவ்வளவு குறைவானாலும், மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். நீங்கள் காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருந்தால் இப்படி வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது என்பதால், அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பொருள் திரும்பி வந்தால் பில்லை ரத்து செய்துவிட்டதாக நினைத்து விட்டுவிடாமல் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் கணக்கில் காட்டினால்தான் கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ளலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வாளையார் எல்லைச் சாவடியில் வணிகவரிச் சோதனைக்கான வரிசை இல்லை என்பதற்காக ஆவணம் இல்லாமல் வண்டி விடக் கூடாது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். திரும்பி வரும் சரக்குக்கும் அப்படியே.

கிணத்துக்கடவு நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இணைய விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளையோ, தளத்தில் காட்டிய தன்மைக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. வாங்கியவரே அளவைத் தவறாகச் சொன்னது வேறு வகை. அதற்கு உங்கள் நிபந்தனையைத் தளத்தில் முன்கூட்டியே தெளிவாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

சித்தூர்த் தாலுகா வியாபாரி

மூவருக்கும் நன்றி. காம்பொசிஷனில் இல்லை, வழக்கமான பதிவுதான். பைப்பின் எழுத்தைப் புகைப்படம் எடுக்கச் சொல்வதை இந்த வாரமே தொடங்குகிறேன். வண்டி பற்றி மட்டும் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. சிறிய நாலுசக்கர சரக்கு வண்டி ஒன்று வாங்கினால், வாரத்தில் சில நாட்கள் பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டலாம் அல்லவா?

பொள்ளாச்சி கூரியர்க் கிளைக்காரர்

ஓட்டலாம் ஐயா. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு சொல்கிறது. காப்பீடும் தகுதிச் சான்றும் சரியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் வரி ஏதேனும் உண்டா என்று வண்டி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆனால் என் கருத்தைக் கேட்டால், வண்டியை உடனே வாங்க வேண்டாம். ஒவ்வொரு தோப்பின் வாசலுக்கும் நீங்களே போவதென்றால், எங்கள் ஊழியருக்கு இருக்கும் அதே மண் பாதைச் செலவு உங்கள் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக, கோபாலபுரம், ஆனைமலை, அம்பராம்பாளையம் போன்ற இடங்களில் உரக்கடையோ தீவனக்கடையோ வைத்திருப்பவர் ஒருவரிடம் பேசி, பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்து, உங்கள் சரக்கை அங்கே இறக்கி வையுங்கள். விவசாயி எப்படியும் வாரம் ஒரு முறை அந்தக் கடைக்கு வருகிறார். பெட்டியை அங்கேயே பிரித்துப் பார்த்து, அளவு சரியில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும். திரும்பும் பொருளெல்லாம் ஒரே இடத்தில் சேர்வதால், அடுத்த நடையில் ஒரே மூட்டையாக எடுத்து வரலாம். அதற்கு வாடகை வண்டி போதும். கடைக்காரரிடம் இரண்டு பதிவேடு கொடுங்கள்: ஒன்றில் வாங்கியவர் கையெழுத்தும் கைபேசி எண்ணும், மற்றொன்றில் திருப்பியதற்கான காரணமும் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாமல் பெட்டியை அங்கே மாற்றி வைக்காதீர்கள். வீட்டுக்கே வரும் என்று நம்பிப் பணம் கட்டியவருக்கு அது ஏமாற்றம். ஆர்டரை உறுதி செய்ய அழைக்கும்போதே, கடையில் எடுத்துக்கொண்டால் போக்குவரத்துக் கட்டணம் இல்லை என்று சொல்லுங்கள். பலர் தாமாகவே அதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

உங்கள் தாலுகாவுக்குள் இருக்கும் தோப்புகளுக்கு இந்த ஏற்பாட்டை வேலந்தாவளம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஒரே ஒரு கடையில் ஓணம் முடியும் வரை நடத்திப் பாருங்கள். அந்த விற்பனை நெருக்கடியில் பதிவேடு ஒழுங்காக நின்றால், அதன் பிறகு அடுத்த கடையைப் பேசலாம்.