சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுது, ஓடினால் இறங்குது: தெர்மோஸ்டாட்டைக் கழட்டலாமா?

பல்லாவரம்_பெட்ரோல்:

வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 9 வருஷம் ஆச்சு, 84,000 கி.மீ. ஒரு மாசமா இந்தத் தொல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் ஏசி போட்டு 60-ல் போனால் முள் பாதிக்குக் கீழேயே நிக்குது. குரோம்பேட்டை பக்கம் நின்னு நின்னு போனால் பத்தே நிமிஷத்தில் முக்கால் தாண்டிடுது, ஏசியும் வெறும் காத்தா வருது. மறுபடி வேகம் எடுத்ததும் ரெண்டு நிமிஷத்தில் எல்லாம் சரியாயிடும். கூலன்ட் பாட்டிலில் மாசத்துக்கு ஒரு டம்ளர் அளவு, 200 மில்லி குறையுது. தரையில் சொட்டு எதுவும் இல்லை. இதுவரை ஊத்தினது போர் தண்ணிதான்.

ஒரு மெக்கானிக் “தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணி திறந்து விடுற வால்வு) கழட்டிடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு” என்கிறார். இன்னொருத்தர் “ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற சீல்) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்” என்கிறார். அடுத்த மாசம் குடும்பத்தோட கொல்லிமலை போகணும். எதை முதலில் பார்க்கிறது?

மூணாம்_கியர்:

ரெண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமா வையுங்க. பாதி விடை உங்க கேள்வியிலேயே இருக்கு.

வண்டி 50, 60-ல் ஓடும்போது எதிர்காத்தே ரேடியேட்டரைக் குளிர வைச்சிடும், ஃபேனுக்கு வேலையே கிடையாது. நின்னால் ஃபேன் ஒண்ணுதான் கதி. அதனால் “நின்னால் சூடு, ஓடினால் சரி” என்றால் காத்துப் பக்கம் கோளாறு. நேர்மாறா, ஊருக்குள்ள சரியா இருந்து 90, 100-ல் போகும்போதோ மேடு ஏறும்போதோ சூடானால் தண்ணி ஓட்டத்தில் கோளாறு: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, முழுசாத் திறக்காத தெர்மோஸ்டாட், தேஞ்ச வாட்டர் பம்ப்.

ஏசியும் கூடவே சூடாவது இன்னொரு சாட்சி. ரேடியேட்டருக்கு முன்னால் நிக்கிற ஏசி கண்டென்சருக்கும் அதே ஃபேன்தான் காத்து இழுக்குது. ஒண்ணு மட்டும் கவனிங்க. சில வண்டிகளில் இன்ஜின் ரொம்பச் சூடானால் ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஏசி கம்ப்ரசரை நிறுத்திடும். முள் ஏறுறதுக்கு முன்னாடியே ஏசி சூடாகுதா, ஏறின பிறகு ஆகுதா? முன்னாடியே என்றால் சந்தேகமே வேண்டாம், ஃபேன் பக்கம் போங்க.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓட விட்டு ஏசியைப் போடுங்க. இந்த மாதிரி வண்டிகளில் கம்ப்ரசர் ஓடும்போது ஃபேனும் சுத்தணும். செய்தித்தாள் ஒரு தாளை எடுத்து முன்பக்க கிரில்லுக்கு எதிரே பிடிங்க. தாள் கிரில்லோடு ஒட்டிக்கிட்டு நின்னால் ஃபேன் நல்லா இழுக்குது. சும்மா ஆடினால் இழுவை போதாது. வெளியே தள்ளினால் ஃபேன் தலைகீழாச் சுத்துது. மோட்டாரை யாராவது பிரிச்சு மாட்டும்போது ரெண்டு ஒயரும் இடம் மாறினால் இப்படி ஆகும். பார்வைக்குச் சுத்துற மாதிரிதான் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

அப்புறம் டார்ச் அடிச்சு, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைப் பாருங்க. தூசி, பூச்சி, பஞ்சு, சில நேரம் ஆயுத பூஜைக்குக் கட்டின மாலையோட நாரு கூட அதில் போய்ச் சிக்கியிருக்கும். இன்ஜின் ஆறின பிறகு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா சாதாரண ஹோஸ் தண்ணி விட்டுக் கழுவுங்க. வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டக் கொண்டு போகாதீங்க, ஃபின் (ரேடியேட்டரோட மெல்லிய தகடு) மடிஞ்சால் அந்த இடத்தில் காத்தே போகாது.

கவனம்: பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீர்னு சுத்த ஆரம்பிக்கும். கை, துப்பட்டா, வேட்டி எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பல்லாவரம்_பெட்ரோல்:

நன்றிங்க. பார்த்தேன். ஏசி போட்டதும் ஃப்யூஸ் பாக்ஸில் “டிக்”னு சத்தம் கேட்குது, ஆனால் ஃபேன் சில தடவை சுத்துது, சில தடவை அப்படியே நிக்குது. ஒரு தடவை நின்னப்போ நீளமான குச்சியால் மோட்டார் முதுகில் ரெண்டு தட்டு தட்டினேன், உடனே சுத்த ஆரம்பிச்சுது. அப்பவும் தாள் அரைகுறையாத்தான் ஒட்டுச்சு. ஏசி சூடாவது முள் ஏறுறதுக்கு முன்னாடியே.

ரிலே_டிக்டிக்:

தட்டினால் சுத்துதுன்னா மோட்டார் பிரஷ் தேஞ்சிருக்கு. கார்பன் பிரஷ் குட்டையாகி, ஸ்பிரிங் அதைக் கம்யூட்டேட்டரோட (மோட்டாருக்குள் சுத்துற செம்பு உருளை) அழுத்திப் பிடிக்க முடியாமல் போகும். தட்டுற அதிர்ச்சியில் ஒரு நிமிஷம் ஒட்டிக்கும், சுத்தும். இழுவை குறையறதும் அதனால்தான். 9 வருஷத்துக்கு இது சகஜம்.

ஆனாலும் மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரிங்கைப் பார்த்துடுங்க. “டிக்” சத்தம் வந்தால் ரிலேயின் (ஃபேனுக்குக் கரண்ட் விடுற ஸ்விட்ச்) காயில் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ளே பாயின்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும், கரண்ட் போகாது. அதே பாக்ஸில் ஹார்ன் ரிலேயும் அதே பார்ட் நம்பராக இருந்தால் ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க, அஞ்சு பைசா செலவில்லை. ரிலேயோட கால்கள் நிக்கிற பிளாஸ்டிக் பழுப்பா உருகியிருந்தால் லூஸ் கனெக்‌ஷன். புது ரிலே போட்டாலும் மறுபடி கருகும், அந்த டெர்மினலையே மாத்தணும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாத் தெரியும். ஃபேன் சுத்தாமல் நிக்கிற அந்த நேரத்தில் மோட்டார் கனெக்டரின் ரெண்டு பின்னுக்கும் நடுவில் பாருங்க. இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் சுத்தலைன்னா மோட்டார்தான். வோல்டேஜே இல்லைன்னா ரிலே, ஃப்யூஸ், ஒயர். சுத்தும்போது மோட்டாரின் நெகட்டிவ் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாடியில் முடுக்கின இடத்தில் துருவைச் சுரண்டித் திரும்ப முடுக்கினாலே போதும்.

பேட்டரியிலிருந்து நேரா ஒயர் இழுத்து ஓட்டிப் பார்க்கிறதா இருந்தால் 2.5 சதுர மி.மீ. ஒயர், நடுவில் 30 ஆம்பியர் ஃப்யூஸ். மெல்லிசு ஒயர் அஞ்சு நிமிஷத்தில் கொதிச்சிடும்.

பிரஷ் மட்டும் மாத்தித் தருகிற ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இன்னும் இருக்காங்க. புஷ்ஷும் (மோட்டார் தண்டைத் தாங்குற வளையம்) ஆடுதான்னு பார்க்கச் சொல்லுங்க. ஃபேன் இறக்கையைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினால் தடதடன்னு ஆட்டம் தெரிந்தால் முழு மோட்டாரே மேல். எதை மாத்தினாலும் அந்தச் செய்தித்தாள் சோதனையைக் கடையிலேயே, கண் முன்னாடி செஞ்சு பார்த்துட்டு வாங்க. ஃபேனைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் கூண்டையும் மறக்காமல் மாட்டச் சொல்லணும். அது இல்லைன்னா ஃபேன் பக்கத்தில் இருக்கிற சூடான காத்தையே இழுத்துச் சுத்தும்.

டபுள்_டிக்ளட்ச்:

ஃபேன் சரி. ஆனால் தெர்மோஸ்டாட் விஷயத்தில் அந்த மெக்கானிக்கை ஒரேயடியாக ஒதுக்காதீங்க. பழைய அம்பாசடர், ஜீப் எல்லாம் அதைக் கழட்டிட்டுத்தான் ஓடுச்சு. ஒண்ணும் ஆகலையே?

மூணாம்_கியர்:

அந்த வண்டிகளில் கார்புரேட்டர். இன்ஜின் 60 டிகிரியில் இருந்தால் என்ன, 90-ல் இருந்தால் என்ன, அதுக்குத் தெரியாது. இப்போ ஈசியூ சென்சரைப் பார்த்துப் பெட்ரோலை அளக்குது. தெர்மோஸ்டாட் இல்லைன்னா ஹைவேயில் இன்ஜின் சூடேறாமலே ஓடும், “இன்னும் வார்ம் அப் ஆகலை”ன்னு ஈசியூ பெட்ரோலைக் கூட்டி ஊத்தும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயிலில் கலக்கும். பி0128 கோடோடு (இன்ஜின் போதிய அளவு சூடேறலைங்கிற பிழை எண்) செக் லைட்டும் எரியலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பைபாஸ். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க, இந்தத் தட்டு கீழே இருக்கிற பைபாஸ் ஓட்டையை மூடிக்கிட்டே வரும். முழு யூனிட்டையும் கழட்டினால் அந்த ஓட்டை எப்பவும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுத்தும். சூடு குறையக் கழட்டினது சூட்டைக் கூட்டும்.

சந்தேகமா இருந்தால் கழட்டி அடுப்பில் வைச்சுப் பாருங்க. பாத்திரத்தில் தண்ணி, அதில் அடியில் தொடாமல் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்க விடுங்க, கூட ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிறது இல்லை, 110 டிகிரி வரை காட்டுறது. மேலேயே 82 அல்லது 88னு நம்பர் பொறிச்சிருக்கும். அந்த டிகிரிக்கு ஒண்ணு ரெண்டு முன்பின் திறக்க ஆரம்பிக்கணும், தண்ணி கொதிக்கும்போது நல்லா விரிஞ்சு நிக்கணும். எடுத்து ஆற வைச்சால் இடைவெளி இல்லாமல் மூடணும். திரும்ப மாட்டும்போது புது ரப்பர் ரிங் போடுங்க. ஓரத்தில் ஆடுற சின்னப் பின் இருந்தால் அது மேல்பக்கம் வரணும், காத்து வெளியேற வழி அதுதான்.

டபுள்_டிக்ளட்ச்:

அந்த அடித்தட்டு விஷயம் தெரியாமல் பேசிட்டேன். சரிதான்.

பட்டறை_ஓரம்:

அந்த 200 மில்லியை யாரும் பேசலையே. கொல்லிமலைக்கு ஃபேனைவிட இதுதான் எனக்குக் கவலை.

தரையில் சொட்டலைங்கிறதால் லீக் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க. சூடான அலுமினியத்தில் கசிகிற தண்ணி ஆவியாகிடும், தடம் மட்டும் நிக்கும். போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க, அதனால் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைத் தடம் தெரியும். ரேடியேட்டரில் அலுமினியமும் மேல் பிளாஸ்டிக் டேங்க்கும் மடிச்சுச் சேர்ந்த விளிம்பு, ஹோஸ் கிளிப் ஓரம், வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டை, இந்த மூணு இடம் முதலில். டேஷ்போர்டுக்குக் கீழே கார்பெட் ஈரமா இருந்தால் ஹீட்டர் காயில்.

ரேடியேட்டர் மூடியும் காரணமா இருக்கலாம். அதில் 0.9 அல்லது 1.1னு போட்டிருக்கும், பாரில் அழுத்தம். 1.1 பார் மூடி ஒழுங்கா இருந்தால் வெறும் தண்ணிகூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடிச்சுப் போனால் 100-லேயே கொதி, மலை மேலே 96-லேயே. ராத்திரி வண்டி ஆறின பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போய்க் கிடந்தால் மூடிக்குள் இருக்கிற குட்டி வால்வு ஒட்டிக்கிச்சு, பாட்டிலில் இருந்து தண்ணி திரும்பி வரலை. அதே பார் அளவில் புது மூடி வாங்குங்க. கூட அளவு போட்டால் நல்லதுன்னு நினைக்காதீங்க, பழைய ஹோஸ் தாங்காது.

ஹெட் கேஸ்கட் பயத்தைத் தீர்க்க: காலையில் முழுசா ஆறின இன்ஜின், மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணி நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க. முதலில் ரெண்டு மூணு குமிழி வரும், விடுங்க. நிக்காமல் சோடா மாதிரி வந்தால் கேஸ்கட். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள, மூடி போட்ட நிலையில், ஹோஸ் கல்லா இறுகினாலும் அதேதான். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி லேசா இருந்தால் மட்டும் பயப்படாதீங்க, தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓடுற வண்டிக்கு அது வரும். டிப் ஸ்டிக்கிலும் (ஆயில் மட்டம் பார்க்கிற குச்சி) அதே நிறம் என்றால் வண்டியை நகர்த்தாதீங்க. உறுதியாத் தெரியணும்னா பட்டறையில் நீல மருந்து வைச்சுப் பார்ப்பாங்க, எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் அது மஞ்சளா மாறும். இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவர் இதில் ஒண்ணையாவது செஞ்சு காட்டட்டும்.

வெளியே தடம் எதுவும் கிடைக்கலைன்னா பிரஷர் டெஸ்ட். ஆறின இன்ஜினில் கை பம்ப் வைச்சு மூடியின் அளவுக்கு, அதாவது 1 பார் சுமாருக்கு ஏத்திப் பதினஞ்சு நிமிஷம் விட்டால் முள் இறங்கக் கூடாது.

ஆர்ஓ_தண்ணி:

போர் தண்ணி மேட்டருக்கு வரேன். நம்ம ஊரில் ஐஸ் உறையாது, கூலன்ட் எதுக்குன்னு கேட்கிறவங்க உண்டு. அதில் இருக்கிற துருத் தடுப்பு மருந்துக்குத்தான். போர் தண்ணியின் சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள் பானை அடி மாதிரி படியும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்க்கைப் பிரிச்சு ராடிங் பண்ணி (குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பெடுத்து) ஈயம் வைச்சிடலாம். உங்களது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், அடைச்சால் பெரும்பாலும் புதுசுதான். பாத்ரூம் ஆசிட் ஊத்திக் கழுவலாம்னு யாராவது சொன்னால் ஓடி வந்துடுங்க, அது அலுமினியத்தையே தின்னும்.

டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, இன்ஜினைச் சூடேத்தி, ஆற விட்டு, வடிங்க. தெளிவா வர்ற வரை திரும்பத் திரும்ப. ஸ்பிளிட் ஏசி சொட்டுத் தண்ணி வேண்டாம், தூசியும் காயில் உலோகமும் கலந்திருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுறது. மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர்னு வைச்சுக்குவோம், சரியான அளவு மேனுவலில் இருக்கும். ரேடியேட்டர் திருகைத் திறந்தால் 2.5 லிட்டர்தான் வடியும், மீதி 2 லிட்டர் தண்ணி இன்ஜின் பிளாக்கில் நிக்கும். அதுமேல் ரெடிமிக்ஸ் (பாதிக்குப் பாதி தண்ணி கலந்தே வர்ற கூலன்ட்) ஊத்தினால் கூலன்ட் பங்கு 28 சதவீதத்துக்கு இறங்கிடும். அதனால் முதல் தடவைக்கு கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காத கூலன்ட்) வாங்குங்க: 2.25 லிட்டர் கான்சன்ட்ரேட், மேலே கால் லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர். சரியா பாதிக்குப் பாதி. தண்ணி கலக்காமல் முழுக்க கான்சன்ட்ரேட் மட்டும் ஊத்தினால் நல்லதுன்னு நினைக்க வேண்டாம், சூட்டைக் கடத்துறதில் தண்ணிதான் கெட்டி. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம், நிறத்தை வைச்சு வகையைச் சொல்ல முடியாது. டப்பாவில் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 என்கிற தர எண் இருக்கான்னு பாருங்க.

நிரப்பும்போது முன்பக்கம் கொஞ்சம் மேடா நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைச்சு, மெதுவா ஊத்துங்க. மூடியில்லாமல் ஐட்லிங்கில் விட்டு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க, தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும், ஊத்தி மூடியைப் போடுங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கட்டும். முழுசா ஆறின பிறகு திரும்பத் திறந்து மட்டம் பாருங்க, 200, 300 மில்லி உள்ளே இழுத்திருக்கும்.

பல்லாவரம்_பெட்ரோல்:

பிரஷ் மாத்தியாச்சு, தாள் இப்போ பளிச்சுனு ஒட்டுது. வெள்ளைத் தடம் ரேடியேட்டர் இடது விளிம்பில் கிடைச்சது. குமிழி இல்லை. ரேடியேட்டரும் மூடியும் மாத்தி, கூலன்ட் கணக்குப்படி ஊத்தப் போறேன். மலைக்கு வேற ஏதாவது?

மூணாம்_கியர்:

ஒரு ஓபிடி புளூடூத் ரீடர் (ஈசியூவில் இருக்கிற எண்களை ஃபோனில் காட்டுற கருவி) செருகிக்குங்க. டேஷ்போர்டு முள் பல வண்டிகளில் 75-லிருந்து 105 வரை அசையாமல் நடுவிலேயே நிக்கும், நகரும்போது தாமதம் ஆகியிருக்கும். ரீடரில் நிஜ எண் தெரியும். ஊருக்குள் 95 பக்கம் போய் ஃபேன் ஓடி 90-க்கு இறங்கணும். மலைக்கு முன்னாடி ஒரு வாரம் இதைப் பாருங்க, பாட்டில் மட்டத்தையும் தினம் காலையில் ஆறின இன்ஜினில் குறிச்சு வைங்க.

கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி. இன்ஜினுக்கு முழுப் பாரம், எதிர்காத்து கிடையாது, இந்த ரெண்டும் சேர்ந்த இடம் அது. மூணாவது கியரில் முக்கிக்கிட்டு ஏறாதீங்க, ரெண்டாவதுக்கு இறக்கி 2,500, 3,000 ஆர்பிஎம்மில் ஓட விடுங்க, வாட்டர் பம்ப்பும் வேகமாச் சுத்தும். எண் 105 தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் போட்டு ஜன்னலை இறக்குங்க. ஹீட்டர் காயிலும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அப்படியும் இறங்கலைன்னா வளைவில் இல்லாமல், நேர்ப்பாதையில் ஓரம் கட்டுங்க. ஆவி வரலைன்னா ரெண்டு நிமிஷம் ஐட்லிங்கில் ஃபேன் ஓடட்டும், ஆவி வந்தால் உடனே ஆஃப். முக்கால் மணி நேரம் கழிச்சு, கெட்டித் துணி போட்டு, மூடியை முதல் படி வரை மட்டும் திருப்பி, சீறல் நின்ன பிறகு மீதியைத் திருப்புங்க. டிக்கியில் 2 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் போதும்.