எமிலி டிக்கின்சன் கவிதைகளைத் திருத்தி அச்சிட்டது உதவியா, துரோகமா?

கருவேலன்:
அமெரிக்கக் கவிஞர் எமிலி உயிரோடு இருந்தவரை அச்சில் வந்தவை 10 கவிதைகள்தான், அவையும் பெயர் இல்லாமல். 1886இல் அவர் இறந்த பிறகு தங்கை லவினியா பெட்டியைத் திறந்தால், கையால் தைத்த 40 சிறு ஏடுகள், அதுபோகத் தனித்தாள்கள். மொத்தம் ஏறக்குறைய 1,800 கவிதைகள். குடும்பத்துக்குத் தெரிந்தவரான மேபல் டாடும் எழுத்தாளர் ஹிகின்சனும் 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது இஷ்டத்துக்குக் கைவைத்துவிட்டார்கள். எமிலி வரிகளுக்கு நடுவே போடுகிற சிறு கோடுகளை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டார்கள், தலைப்பில்லாதவற்றுக்குத் தலைப்பு வைத்தார்கள். மரணம் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போகிற கவிதையைப் பாருங்கள். பள்ளி முற்றத்தில் முட்டி மோதுகிற பிள்ளைகளை வெறுமனே விளையாட வைத்துவிட்டார்கள். நான்காவது பத்தியைக் காணவே காணோம். சூரியனைக் கடந்தோம், இல்லை, அதுதான் நம்மைக் கடந்தது என்று திரும்பி, மெல்லிய உடையில் குளிர் ஏறுகிற பத்தி அது. செத்துப்போனது உறைக்கிற இடமே அதுதான். இதைத் துரோகம் என்றுதான் சொல்வேன்.

நிலாமுற்றம்:
கருவேலன் அண்ணா, அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் வராமலே போயிருக்கும் என்பதை மறந்துவிட்டீர்கள். லவினியா கவிதைகளை முதலில் அண்ணி சூசனிடம்தான் கொடுத்தார். வேலை நகரவில்லை. அப்புறம்தான் மேபலிடம் போனது. புரியாத கையெழுத்தை உட்கார்ந்து படியெடுத்தவர் அவர். பாஸ்டன் பதிப்பகத்தாருக்கும் நம்பிக்கை இல்லை. அச்சுத்தகட்டுச் செலவை லவினியா ஏற்றுக்கொண்ட பிறகுதான் 500 படிகள் போட்டார்கள். 1892க்குள் 11 முறை அச்சேறியது. கரடுமுரடாக அப்படியே போட்டிருந்தால் அந்தக் காலத்து வாசகர் தொட்டிருப்பாரா?

கருவேலன்:
தொட்டிருப்பாரா என்பது ஊகம். ஆனால் எமிலிக்கு அது பிடிக்காது என்பது ஹிகின்சனுக்கே தெரியும். 1866இல் ஸ்பிரிங்ஃபீல்டு நாளிதழ் அவருடைய பாம்புக் கவிதையைப் போட்டது. மூன்றாவது வரியின் முடிவில் ஒரு நிறுத்தக்குறி சேர்ந்துவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் ஒரே வரி, குறி அதைக் கெடுத்துவிட்டது என்று அவர் கடிதம் எழுதி வருந்தினார். யாருக்கு எழுதினார்? இதே ஹிகின்சனுக்குத்தான். ஒரு குறிக்கே அவ்வளவு வலித்தவருடைய பத்தியை முழுசாக வெட்ட எப்படி மனம் வந்தது?

சேந்தன்:
இருவருமே அச்சுப்புத்தகத்தை வைத்துப் பேசுகிறீர்கள். கையெழுத்துப் பிரதியைப் பாருங்கள். பல இடங்களில் ஒரு சொல்லுக்கு மேலே சிறு கூட்டல் குறி இருக்கும். கீழே மாற்றுச் சொற்கள் இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேல். எது வேண்டும் என்று அவர் முடிவு செய்யாமலே விட்டிருக்கிறார். 1955இல் பதிப்பாசிரியர் ஜான்சன் 1,775 கவிதைகளைக் கோடுகளோடு மீட்டுக் கொடுத்தார், நல்லது. அவரும் ஒரு சொல்லை மேலே ஏற்றி மற்றதை அடிக்குறிப்புக்குத் தள்ளத்தான் வேண்டியிருந்தது. கைவைக்காமல் இவரை அச்சிட முடியாது.

கருவேலன்:
சேந்தன், அவர் எழுதி வைத்த மூன்று சொல்லில் ஒன்றை எடுப்பது வேறு, நம் சொல்லை அவர் வாயில் திணிப்பது வேறு. இன்னொரு பதிப்பாசிரியர் பிராங்க்ளின் 1981இல் அந்த ஏடுகளை அப்படியே நிழற்படமாக வெளியிட்டார். அதுதான் மரியாதை. இன்னொன்று, மேபல் காவலர் என்றால் கவிதைகளைப் பூட்டி வைத்தது ஏன்? நிலத் தகராறில் லவினியா அவர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு, தன்னிடம் இருந்த தாள்களை ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டார். நம்பகமான முழுப் பதிப்பு இத்தனை தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலாமுற்றம்:
பூட்டியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது தப்புத்தான். ஆனால் 1890 புத்தகம் விற்றிருக்காவிட்டால் அந்தத் தாள்களுக்காக யார் சண்டை போட்டிருப்பார்கள்? 1862இல் முன்பின் தெரியாத ஹிகின்சனுக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டவர் எமிலி. குறையுள்ள அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் முதல் வாசகர்கள் உயிர் இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அண்ணா.