கன்னத்தில் நட்சத்திரம், முதுகில் நங்கூரமா? ஒரு கிரேக்க வெண்கலக் காசு

பழையசில்லறை:
போன மாதம் வாங்கிய கலவைக் காசுகளில் ஒன்று. குறுக்களவு 20 மி.மீ., எடை 7 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. முன்பக்கம் இடப்பக்கம் பார்க்கும் தலை. சப்பை மூக்கு, கூரான காது. கன்னத்தில் வட்டக் குழி, உள்ளே நட்சத்திரம். பின்பக்கம் தேய்ந்துபோன ஏதோ விலங்கின் தலை, அதன் மேலும் ஒரு குழி. விற்றவர் 'செலூசிய நங்கூர மறுமுத்திரை' என்று எழுதிக் கொடுத்தார். அதாவது, புழக்கத்தில் இருந்த காசின் மேல் பிறகு செலூசிய அரசு குத்திய நங்கூர முத்திரை என்கிறார். நம்பலாமா?

கடலோடி:
தாராளமாக நம்பலாம். பின்பக்கக் குழிக்குள் நடுவே ஒரு தண்டு, கீழே வளைவு தெரிகிறதே. நங்கூரம் செலூசிய அரசை நிறுவிய முதலாம் செலூக்கசின் சின்னம். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த பாம்ஃபிலியாவின் சைடே நகரத்து வெள்ளி டெட்ராடிராக்ம்களில் (நான்கு டிராக்மா காசுகளில்) இதே நங்கூரத்தைக் குத்தியிருக்கிறார்கள்.

பச்சைக்களிம்பு:
சார், நீங்கள் சொல்வது பெரிய வெள்ளிக் காசு. இது சில்லறை. நங்கூரம் என்றாலே செலூசியர் என்பதும் சரியில்லை. கருங்கடல் கரையின் அப்போலோனியா நகரமும் தன் காசில் நங்கூரத்தைத்தான் போட்டது. சின்னத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் காசைப் பாருங்கள். சப்பை மூக்கு, கூர்க்காது என்றால் சாட்டிர், கிரேக்கக் கதைகளில் வரும் பாதி மனித, பாதி விலங்கு வனவாசி. சாட்டிர் தலையை விடாமல் அடித்த ஊர் பாண்டிகபேயான், இன்றைய கிரிமியாவின் கெர்ச். ஊர்ப் பெயரிலேயே சாட்டிர் மாதிரியான வனதேவன் 'பான்' இருப்பதால் அந்தத் தலை. பழையசில்லறை, விலங்குத் தலையைச் சுற்றி எழுத்து எதுவும் மிச்சமிருக்கிறதா?

பழையசில்லறை:
ஓரத்தில் வாசற்படி மாதிரி ஒன்று, இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் அரைகுறையாக ஒரு ஆல்ஃபா.

பச்சைக்களிம்பு:
வாசற்படி இல்லை, அது கிரேக்க 'பை' (Π) எழுத்து. பை, ஆல்ஃபா, நியூ: பான், ஊர்ப் பெயரின் தொடக்கம். இனி குழிக்கு வாருங்கள். பாண்டிகபேயானில் ஒரு பக்கம் நட்சத்திரமும் மறுபக்கம் கோரிட்டோஸும் ஜோடியாகக் குத்தப்பட்ட காசுகள் ஏராளம். கோரிட்டோஸ் என்பது கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர் என்ற நாடோடிக் குதிரை வீரர்கள் வில்லையும் அம்பையும் சேர்த்து வைக்கும் உறை. தேய்ந்துவிட்டால் உறையின் விளிம்பு தண்டு மாதிரியும், வெளியே நீட்டிய வில்முனை நங்கூரக் கொக்கி மாதிரியும் தெரியும். ஒரே ஒரு சோதனை: நங்கூரம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொக்கி இருக்க வேண்டும், மேலே வளையமும் குறுக்குக் கட்டையும் வேண்டும். இதில் வளைவு ஒரு பக்கம் மட்டும்தான்.

கடலோடி:
மறுபக்கக் கொக்கி தேய்ந்திருக்கலாமே?

பச்சைக்களிம்பு:
குழிக்குள் இருப்பது அவ்வளவு சீக்கிரம் தேயாது, விளிம்பு காப்பாற்றும். தலையின் முடி வழித்தெடுத்த மாதிரி இருக்க, குழிக்குள் நட்சத்திரம் மட்டும் கூர்மையாக நிற்கிறது பாருங்கள். காசு புழங்கித் தேய்ந்த பிறகு குத்தியது என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொன்று: ஒரு பக்கம் மட்டும் குத்தினால் நேர் பின்னால் தட்டையாகும். இங்கே தட்டை இல்லை, முதுகோடு முதுகாக இன்னொரு குழி. நான் இந்த ஜோடியைச் சின்னத்தை வைத்துத் தேடுவதே இல்லை, குழி உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் தேடுவேன்.

பழையசில்லறை:
விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, காசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு கதிர். பின்பக்கம் வளைவு ஒரு பக்கம்தான், மறுபக்கம் நேர்கோடு. நங்கூரம் இல்லை.

கடலோடி:
சரி, ஊர் விஷயத்தில் தோற்றேன். ஆனால் ஏன் குத்தினார்கள்? 'தேய்ந்த காசு செல்லும் என்று உறுதி தரத்தான்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பாண்டிகபேயானைத் தலைநகராகக் கொண்ட போஸ்போரஸ் அரசுக்குப் பணமுடை, தங்கமும் வெள்ளியும் அடிப்பதே நின்றுபோனது. அப்படிப்பட்ட நேரத்தில் அரசு கூலி கொடுத்து மக்களுக்கு உபகாரம் செய்யுமா? காசைத் திரும்ப வாங்கி, குத்தி, மதிப்பை ஏற்றி வெளியே விட்டிருக்கும். வித்தியாசம் கஜானாவுக்கு.

பச்சைக்களிம்பு:
மதிப்பை மாற்றினால் எவ்வளவு என்று சொல்ல வேண்டாமா? அதே சைடேயில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வெண்கலங்களில் எப்சிலான் எழுத்தைக் குத்தினார்கள். எப்சிலான் என்றால் 5, மதிப்பு பளிச்சென்று தெரியும். நட்சத்திரத்தையும் அம்புறையையும் பார்த்துச் சந்தைக்காரன் என்ன எண்ணுவான்?

கடலோடி:
எண் எதற்கு சார்? குத்தினது இவ்வளவு, குத்தாதது அவ்வளவு என்று ஊரில் பறையறைந்தால் போதாதா? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் நட்சத்திரம் தெரியும். வெறும் உறுதிமொழிதான் என்றால் ஒரு குத்து போதுமே. இரண்டு பக்கமும் எதற்கு?

பச்சைக்களிம்பு:
இரண்டு பக்கக் கேள்வி நியாயமானது. போலி முத்திரைக்குப் பயந்து என்பேன். முத்திரை குத்தும் ஒரு அச்சைச் செதுக்குவது சுலபம், இரண்டையும் முதுகோடு முதுகாகப் பிசகாமல் விழவைப்பது கஷ்டம்.

கடலோடி:
செல்லும் என்று மட்டும் சொல்கிற முத்திரைக்குப் போலி அடித்து எவனுக்கு என்ன லாபம்? மதிப்பு ஏறினால்தானே ஆசை வரும்!

பழையசில்லறை:
நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். நான் உறைச்சீட்டில் 'நங்கூரம்' என்பதை அடித்துவிட்டு 'பாண்டிகபேயான், நட்சத்திரம் / வில்லுறை' என்று எழுதிவிட்டேன். பென்சிலில்தான்.