ரிங் கம்பம் சாய்கிறது, கயிறு தொய்கிறது

ஜலந்தரில் WWE வீரராக இருந்த தி கிரேட் காளி நடத்தும் மல்யுத்தப் பள்ளியில் பழகிவிட்டு ஊர் திரும்பி, கூப்பிடும் இடத்துக்கெல்லாம் தனியாகப் போய் ப்ரோ ரெஸ்லிங் (WWE மாதிரி ஷோ மல்யுத்தம்) ஆடுகிறேன். பயிற்சிக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் 16 அடி ரிங் போட்டேன்: இரும்புச் சட்டம், பிளைவுட், மெல்லிய ஃபோம், கேன்வாஸ். கயிறு என்பது ஸ்டீல் கேபிளைத் தண்ணீர் ஹோஸுக்குள் விட்டு டேப் சுற்றியதுதான். 4 மாதம்கூட ஆகவில்லை, ஓடிப்போய் முதுகைக் கொடுத்தால் கயிறு தொய்கிறது, கடலைப் பார்த்த மூலைக் கம்பம் உள்ளே சாய்கிறது.

கயிற்றைக் கம்பத்தோடு இழுத்துப் பிடிக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கினேன், உப்புக்காற்றில் மரை துருப்பிடித்து இறுகிவிட்டது. கிரீஸ் போட்டும் அசையவில்லை. அப்புறம் மஞ்சக்குப்பத்து வெல்டர் ஒருவர் (குத்துச்சண்டை மேடை என்றே இன்னும் நினைக்கிறார்) கம்பத்தடியில் தகடு வைத்துப் பற்றவைத்தார், பத்தே நாளில் பழையபடி. அடுத்த மாதம் புதுச்சேரியில் ஷோ.

கம்பத்தை மாற்றாமல், மேடைக்கு அடியில் எதிரெதிர் மூலைகளைக் கேபிளால் இழுத்துக் கட்டினால் தாங்குமா?